சனிக்கிழமையிலிருந்து எண்ணுங்கள்

ஞானகுமாரிக்குச் சிவப்பு நிறத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள் அவள். காலர் கோணலாக இருந்தால், பட்டன் தள்ளிப் போயிருந்தால், சட்டையின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அந்தப் பக்கம் வீசுவாள். அதற்குப் பிறகு அந்தச் சட்டையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். இப்படி அவள் கையால் ஒட்டியவை லட்சத்தைத் தாண்டும். அப்பேர்ப்பட்டவளுக்கே, டாக்டர் மேசைமேல் நகர்த்தி வைத்த அட்டையில் தன் புருஷன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததும் அதைக் கிழித்துப் போடத் தோன்றியது.

ஆரோக்கியசாமி, வயது ஐம்பத்தாறு. மீட்சிக் கணிப்பு, நூற்றுக்குப் பத்தொன்பது. அதற்குக் கீழே, வீட்டிலேயே பயிற்சி செய்யலாம் என்று ஒரு வரி.

ஆரோக்கியசாமி அந்த அறையிலேயேதான் இருந்தார். சக்கர நாற்காலியில், வலது கை மடியில் கிடக்க, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கை அது. பக்கவாதம் வந்து பதிமூன்று நாள் ஆகியிருந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது, பதில்தான் வாயிலிருந்து வரவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்ன டாக்டரே அவரை வைத்துக்கொண்டே இந்த அட்டையை நீட்டுகிறாரே என்பது ஞானகுமாரியின் முதல் கோபம்.

டாக்டர் கோகுல்நாத் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரு சத்தம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவர் நிதானமாக, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, இங்க பயிற்சி ஹால்ல எட்டு பெட்தான் இருக்கு. ஆறு வாரத்துக்கு ஒரு தடவைதான் புதுசா சேர்ப்போம். தினம் அஞ்சு மணி நேரம் பயிற்சி. யாருக்கு அது பலன் தருமோ அவங்களுக்குத்தான் குடுக்க முடியும். முன்னாடியெல்லாம் குத்துமதிப்பா சேர்த்தோம். இப்ப ரத்தத்தை வெச்சுக் கணிக்கிறோம். நாற்பதுக்கு மேல இருந்தா சேர்க்கிறோம்."

"பத்தொம்போதுன்னா இன்னா சார் அர்த்தம்?"

"இவர் மாதிரி நூறு பேரை எடுத்தா, பத்தொன்பது பேர் தன் வேலையைத் தானே செய்யற அளவுக்குத் தேறியிருக்காங்க."

"அந்தப் பத்தொம்போது பேரும் மனுசங்கதான. இவரு அதுல ஒருத்தரா இருக்கக் கூடாதா?"

டாக்டர் கொஞ்சம் திகைத்தார். "இருக்கலாம். ஆனா எனக்கு எட்டு பெட்தானேம்மா."

"அடுத்த தபா சேக்குறீங்களா?"

"அதுக்கு ஆறு வாரம் ஆகும். முதல் மூணு மாசம்தான் மூளை வேகமா சரிபண்ணிக்கும். அப்ப சேர்த்து..." அவர் மேசைமேல் கிடந்த பட்டியலை இழுத்தார். "இன்னைக்கு ஒரு மணிக்குள்ள லிஸ்ட் முடிக்கணும். உங்ககிட்ட நேர்ல சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன்."

சுவரில் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. மகன் பிராங்க் அட்டையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் டாக்டர்," என்றான். எதற்கு நன்றி என்று கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது.

வெளியே வராந்தாவில் சக்கர நாற்காலியை நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு, அம்மாவைப் பத்தடி தள்ளிக் கூட்டிப்போனான் பிராங்க். ஐ.டி. கம்பெனியில் வேலை, பருத்திப்பட்டில் ஏரியைப் பார்த்த மாதிரி ஃபிளாட், மனைவி ரியா, எட்டு மாதக் குழந்தை. நல்ல பிள்ளை. கத்திப் பேசமாட்டான். அப்பா விழுந்ததிலிருந்து ஒரு நாள் கூட அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"மா, நான் ரியாகிட்ட பேசிட்டேன். ஹால்ல கட்டில் போட்டுடலாம். பகல்ல பாத்துக்க ஒரு ஆள் வெச்சிடலாம். லிஃப்ட் இருக்கு, சாயங்காலம் ஏரிக்கரைல கொஞ்ச நேரம் உக்கார வெக்கலாம். அப்பா நிம்மதியா இருப்பாரு."

"ஒங்கொப்பன் இன்னா ரிட்டையரா ஆயிட்டாரு, நிம்மதியா ஒக்கார?"

"மா, நம்பர் அப்படி இருக்கு. நம்ம ஆசைக்கு அது மாறாது. டேட்டா பொய் சொல்லாது."

"நீ கம்ப்யூட்டர்ல வேல செய்ற, நா மேசையில வேல செய்றேன். ரெண்டு பேருக்கும் நம்பர்தான் சோறு போடுது நைனா. பொய் சொல்ற நம்பர நா எத்தினி பாத்துகீறேன் தெரியுமா ஒனக்கு?"

 ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வருகிறேன் என்று பிராங்க் கீழே போனான். அவன் போனதும் ஞானகுமாரி சக்கர நாற்காலியிடம் வந்தாள். ஆரோக்கியசாமியின் கண் இப்போது சுவரை விட்டுவிட்டு வராந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிமூன்று நாளில் இந்த மனுஷன் ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை. ஊசி போட்டாலும் சரி, நர்ஸ் புரட்டினாலும் சரி, அப்படியே கிடந்தார். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஒக்காந்துகினு இரு. தோ வரேன்," என்று சொல்லிவிட்டு, வராந்தாக் கோடியில் இருந்த சின்ன அறைக்குப் போனாள்.

அங்கே ஸ்வாதி இருந்தாள். ரத்த ஆராய்ச்சிக்குப் பொறுப்பு அவள். ஈரோட்டுப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். முதல் நாள் ஞானகுமாரியிடம் கையெழுத்து வாங்கியதும், மறுநாள் ஆரோக்கியசாமியின் கையில் ரத்தம் எடுத்ததும் அவள்தான். ஊசி குத்துவதற்கு முன் "கொஞ்சம் வலிக்குமுங்க ஐயா" என்று சொன்னாளே, அதற்காகவே ஞானகுமாரிக்கு அவளைப் பிடிக்கும்.

"பாப்பா, அந்தப் பத்தொம்போது எங்கேந்து வந்துச்சுன்னு எனக்குச் சொல்லு. டாக்டருக்குச் சொல்ற மாரி வேணாம். எனக்குச் சொல்லு."

ஸ்வாதி கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

"மூளையில நரம்பு அடிபட்டா, அந்த நரம்புக்குள்ள இருக்கிற ஒரு புரதம் உடைஞ்சு ரத்தத்துல வந்து கலக்குமுங்க. ரொம்ப அடிபட்டிருந்தா ரொம்ப வரும். கொஞ்சமா இருந்தா கொஞ்சமா வரும். அதை அளந்து பார்த்து, வயசு, சுகர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடறோம். ஐயாவுக்கு அது நெறைய இருந்துச்சுங்க."

"ஒரே அளவாவா நிக்கும்? நேத்து எடுத்தாலும் இன்னிக்கு எடுத்தாலும்?"

"இல்லீங்கம்மா. அது நாளுக்கு நாள் ஏறும். ரெண்டு மூணு வாரம் வரைக்கும் ஏறிட்டே போகும். அதனால எந்த நாள்ல எடுத்தோமோ அந்த நாளுக்கு ஒரு அட்டவணை இருக்கு. ரெண்டாம் நாள்னா இவ்வளவுதான் இருக்கணும், அஞ்சாம் நாள்னா இவ்வளவு இருக்கலாம், அப்படி. ஐயாவுக்கு ரெண்டாம் நாள் எடுத்தோம். ரெண்டாம் நாளைக்கு அது ரொம்ப ஜாஸ்திங்க."

ஞானகுமாரி நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் நடந்த ஒன்று அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு லாட், நாலாயிரம் சட்டை, கை நீளம் குறைவு என்று மொத்தமாக ரிஜெக்ட் ஆகிக் கிடந்தது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஞானகுமாரி மட்டும் ஒரு சட்டையைத் தூக்கிக் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். நாற்பது சைஸ் சட்டை. மேசைமேல் ஒட்டியிருந்ததோ நாற்பத்திரண்டு சைஸுக்கான அட்டவணை. டேப் சரி, அளந்த கை சரி, எழுதிய எண்ணும் சரி. ஒப்பிட்ட அட்டவணைதான் வேறு. அன்றைக்கு மாலையே நாலாயிரம் சட்டையும் லாரி ஏறிவிட்டது. அதிலிருந்து யார் எந்த எண்ணைச் சொன்னாலும், எதை வைத்து ஒப்பிட்டாய் என்று கேட்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

"ரெண்டாம் நாளுன்னு எப்பிடித் தெரியும் ஒனக்கு?" என்றாள்.

ஸ்வாதி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "செவ்வாக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சதுன்னு அட்மிஷன்ல எழுதியிருக்குங்க. நாங்க புதன்கிழமை எடுத்தோம். அஞ்சு மணின்னு சொன்னது..." அவள் நிமிர்ந்தாள். "நீங்கதானுங்கம்மா."

ஆமாம். அவள்தான் சொன்னாள். செவ்வாய் விடிகாலை குளியலறை வாசலில் தொப்பென்று சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தபோது மனுஷன் வாய் கோணிக் கிடந்தார். அவசரப் பிரிவில் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். காலையில் அஞ்சு மணிக்கு என்றாள். அப்போது அவளுக்கு விழுந்ததுதான் வியாதி. விழுவதற்கு முன்னால் நடந்ததை அவள் மனசு எடுத்து எங்கேயோ ஓரமாக வைத்துவிட்டிருந்தது. மறந்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். மறந்தவர்களுக்கு ராத்திரியில் தூக்கம் வரும்.

நடந்தது சனிக்கிழமை.

கள்ளிக்குப்பத்தில் அவர்கள் தெருவிலிருந்து வருடாவருடம் நாற்பது ஐம்பது பேர் காவி உடுத்தி, பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்து போவார்கள். இந்த வருடம் கொடி பிடித்துப் போகும் பொறுப்பை ஞானகுமாரி கேட்டு வாங்கியிருந்தாள். பிராங்குக்கு ஆறு வருடம் குழந்தையில்லாமல் இருந்து, போன வருடம் அவள் நேர்ந்துகொண்டு, இந்த வருடம் குழந்தை பிறந்திருக்கிறது. நேர்ச்சை அவளுடையது, கொடி தூக்கியது ஆரோக்கியசாமி. அந்தக் கூட்டத்துக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. கொடி தரையைத் தொட்டுவிட்டால் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று ஒரு ஜெபமாலை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே முதல் தடவை கொடி விழுந்தது. ஜெபமாலை சொன்னார்கள். வடபழனியில் இரண்டாவது தடவை. கொதிக்கிற தார் ரோட்டில் ஐம்பது பேர் வெறுங்காலோடு நின்று மறுபடி ஜெபமாலை சொன்னார்கள். பின்னாலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. சைதாப்பேட்டையில் மூன்றாவது தடவையும் விழுந்தபோது ஆரோக்கியசாமி அவள் பக்கம் சாய்ந்து, "குமாரி, இது என் கை மாரியே இல்ல," என்றார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். அத்தனை முகமும் அவளைத்தான் பார்த்தன. அவமானம் பிடுங்கித் தின்றது.

"நேர்ச்சையில வந்துகினு கை வலிக்குது கால் வலிக்குதுன்றியே, வெக்கமா இல்ல? அந்தக் கையில புடி," என்றாள். கொடியை அவளே எடுத்து அவருடைய இடது கையில் திணித்தாள். அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமல் கோயில்வரை நடந்தார். ஞாயிற்றுக்கிழமை இடது கையில் ஸ்பூன் பிடித்துக் கஞ்சி குடித்தார். திங்கட்கிழமை சட்டைப் பட்டனை அவள்தான் போட்டுவிட்டாள். அப்போதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்தாள்.

"அம்மா, என்னாச்சுங்க?" என்றாள் ஸ்வாதி.

"சனிக்கிழமலேந்து எண்ணினா புதங்கிழம எத்தினியாவது நாளு?"

"அஞ்சாவது நாளுங்க." சொல்லி முடிப்பதற்குள் ஸ்வாதிக்குப் புரிந்துவிட்டது. அட்டவணையைத் திறந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் வரியில் விரலை வைத்தாள். "அஞ்சாம் நாள்னா இது சிவப்பு இல்லீங்கம்மா. மஞ்சள்ல வரும். நாற்பதுக்குக் கொஞ்சம் மேலயோ கீழயோ. ஸ்கேன்லயும் முந்தியே அடிபட்ட மாதிரி ஒரு சின்ன இடம் இருக்குன்னு எழுதியிருந்தாங்க. பழைய தழும்புன்னு விட்டுட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா நானா மாத்த முடியாதுங்க. தப்பாச் சொன்னேன்னு நீங்க டாக்டர் முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போடணும். குடும்பத்துல இன்னொருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

குடும்பத்தில் இன்னொருத்தர் என்றால் பிராங்க். யார் குழந்தைக்காக அந்தக் கொடியைத் தூக்கினார்களோ அவன்.

ஞானகுமாரி எழுந்தாள்.   இந்த விஷயத்தை யாருக்கும் தெரியாமல் புதைத்துவிட்டுப் போக ஒரு வழி இருந்தது. ஆம்புலன்ஸில் ஏறி, பருத்திப்பட்டு ஃபிளாட்டில் கட்டிலைப் போட்டு, புருஷனுக்கு ஆயுசு முழுக்கப் பணிவிடை செய்து, ஊரெல்லாம் புண்ணியவதி என்று சொல்லக் கேட்டுக்கொண்டே போய்ச் சேரலாம். அப்படி ஒரு நல்ல பெயர் தனக்கு வேண்டாம் என்று அவள் நினைத்தாள். நல்ல பெயரை வைத்துக்கொண்டு அவருடைய கையை யார் தூக்குவது?

பதினொன்று ஐம்பதுக்கு மறுபடி டாக்டர் அறையில் நால்வரும் இருந்தார்கள். வாசலில் ஸ்வாதி நின்றாள். ஆம்புலன்ஸ் தயாராக இருக்கிறது என்று சொல்ல வந்த பிராங்க், அம்மா ஏன் மறுபடி உள்ளே வந்தாள் என்று தெரியாமல் நின்றான். ஞானகுமாரி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். பாடி, வடபழனி, சைதாப்பேட்டை, ஞாயிற்றுக்கிழமை ஸ்பூன், திங்கட்கிழமை பட்டன், ஒன்றையும் விடவில்லை. தான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள். வெக்கமா இல்ல என்று கேட்டதையும் சொன்னாள்.

பிராங்க் அம்மா பக்கம் திரும்பினான். "சனிக்கிழமையேவா?" என்றான். "சனிக்கிழமை சைதாப்பேட்டைலயே ஒரு ஆட்டோ புடிச்சிருந்தா... டாக்டர், அப்ப வந்திருந்தா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "சீக்கிரம் வந்திருந்தா அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம். முழுசா விழாம தடுத்திருக்க வாய்ப்பு இருந்தது."

"மா, எனக்காகப் போன நடை. என் குழந்தைக்காக. நீ இதை எங்கிட்ட..." 

"ஆமா நைனா. நாந்தான். மாதா மேல பழியப் போடாத, ஒன் கொயந்த மேலயும் போடாத. என் மேல போடு. ஆயுசுக்கும் போடு. இப்ப கையெயுத்து மட்டும் போட்டுடு."

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆரோக்கியசாமியின் இடது கை நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அறைந்தது. பதிமூன்று நாளில் முதல் தடவையாக அவர் ஞானகுமாரியை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கருணை எதுவும் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இத்தனை நாளும் சொல்ல வாயில்லாமல் கிடந்திருக்கிறார்.  அவள் கண்ணை எடுக்கவில்லை.

பிராங்க் சாட்சிக் கையெழுத்தைப் போட்டான். அம்மாவைப் பார்க்காமல் போட்டான். அவள் தன் பெயரை ஞா. ஞானகுமாரி என்று முழுசாக, அழுத்தி எழுதினாள்.

டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "இப்ப இந்தப் பத்தொன்பது செல்லாதும்மா. ஆனா புது நம்பரும் என்னால குடுக்க முடியாது. ஆரம்பிச்ச நேரம் சரியாத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்க்கலாம். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும்."

"ஒரு மணிக்கு லிஸ்ட் முடிஞ்சிடும்னீங்களே. அந்த ஒரு வாரத்த யாரு கணக்குல எய்துறது?"

டாக்டர் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இனிமே ரத்தம் தரமாட்டேன் சார். எவ்ளோ வோணும்னாலும் என்கிட்ட எடுங்க, அவருகிட்ட எடுக்காதீங்க. நம்பர் இல்லாதவங்களும் இங்க வருவாங்கல்ல. அவங்கள எப்பிடிச் சேப்பீங்க?"

"பழைய முறைதான். பயிற்சி குடுக்கிற ராகேஷ் கையைச் சோதிச்சுப் பார்ப்பார். தோள்லயோ விரல்லயோ தானா கொஞ்சமாவது அசைவு இருந்தா சேர்த்துப்போம். அம்மா, மூணாம் நாளே பார்த்தாச்சு. ஒண்ணும் இல்ல."

"அன்னிக்குப் பாத்தீங்க. இன்னிக்குப் பாருங்க. அசையலன்னா நானே தள்ளிகினு ஊட்டுக்குப் போறேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்."

கோகுல்நாத் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

பயிற்சி ஹால் மாடியில் இருந்தது. இரும்புக் கம்பிகள், பெரிய ரப்பர்ப் பந்துகள், சுவர் முழுக்கக் கண்ணாடி. ராகேஷ் முப்பது வயசு ஆள், நல்ல உடம்பு, வெளிப்படையான பேச்சு. ஆரோக்கியசாமியை ஒரு மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, வலது கையை எடுத்து ஒரு வழவழப்பான துணியின்மேல் வைத்தான். முழங்கையைத் தன் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டான்.

"சார், கையை முன்னாடி தள்ளுங்க. தோள்ல இருந்து. கொஞ்சம் போதும்."

ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னொரு தடவை சார்."

கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஆரோக்கியசாமியின் கண் மெல்ல மறுபடி சுவருக்குப் போகத் தொடங்கியது. மணி பன்னிரண்டு நாற்பது. டாக்டர் கதவோரம் நின்றார். பிராங்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ராகேஷ் மூன்றாவது தடவையும் கேட்டான், நாலாவது தடவையும் கேட்டான். பிறகு டாக்டரைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினான்.

"தம்பி, கொஞ்சம் தள்ளு," என்றாள் ஞானகுமாரி.

மேசைக்கு எதிர்ப்பக்கம் ராகேஷ் உட்காரும் சக்கரம் வைத்த ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்து, முட்டி மேசையில் இடிக்க முன்னால் வந்தாள். ஆரோக்கியசாமியின் செத்த விரல்களை எடுத்துத் தன் நெஞ்சுக்குழியில், தாலிச் செயினுக்குக் கீழே, வைத்து ஒற்றைக் கையால் அழுத்திக்கொண்டாள். முழங்கையை மட்டும் ராகேஷ் தாங்கிக்கொண்டான். அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னப் பாருய்யா. செவுத்தப் பாக்காத. கை என் கை மாரி இல்லன்னு சொன்ன. நா கேக்கல. ஐம்பது பேரு முன்னாடி வெக்கமா இல்லன்னு கேட்டேன். நீ சாவக் கெடந்திருப்ப, நா கொடி ஊந்துடுச்சேன்னு கவலப்பட்டேன். இத்தினி நாளா என் கையால கஞ்சி குடிச்சிகினு கீற, எனக்கு ஒரு அடி குடுக்கணும்னு தோணல ஒனக்கு?"

"மா, போதும்," என்றான் பிராங்க்.

"நீ சும்மா இரு. யோவ், கோவம் கீதில்ல? எனக்குத் தெரியும். அங்க நாற்காலிய அடிச்சியே, நாற்காலி இன்னா பண்ணுச்சு ஒன்ன? நாந்தான் பண்ணேன். தோ ஒக்காந்துகீறேன். தள்ளு என்ன."

ஆரோக்கியசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை எழுந்தது. ராகேஷ் சட்டென்று குனிந்து இன்னொரு கையால் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டான். "அந்தக் கை வேணாம் சார். இந்தக் கையால," என்றான். அவன் குரலிலும் இப்போது ஏதோ மாறியிருந்தது.

அவர் வாயிலிருந்து ஒரு உறுமல் வந்தது. வார்த்தை இல்லை. நெற்றி வியர்த்தது. வலது தோள்பட்டை, சட்டைக்குள்ளே, ஒரு தடவை துடித்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஞானகுமாரி அவர் கண்ணையே பார்த்தாள். இன்னொரு உறுமல். தோள் முன்னால் வந்தது. நெஞ்சில் இருந்த கையின் கனம் கூடுவது அவளுக்குத் தெரிந்தது. ஸ்டூலின் சக்கரம் கிறீச்சென்றது. அவள் ஒரு விரற்கடை பின்னால் போனாள்.

 ராகேஷின் உள்ளங்கை இன்னும் முழங்கைக்குக் கீழேயே இருந்தது.

"நான் தள்ளல டாக்டர்," என்றான். "அவர்தான் தள்ளினார்."

கோகுல்நாத் கிட்ட வந்து, தோளில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் பிரித்து, இன்னும் காலியாக இருந்த எட்டாவது வரியில் ஆரோக்கியசாமியின் பெயரை எழுதினார். அப்போது மணி ஒன்றாக இன்னும் நாலு நிமிடம் இருந்தது. பிராங்க் ஜன்னலை விட்டு வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.  அம்மாவிடம் இன்றைக்குப் பேசமாட்டான், நாளைக்கும் பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆரோக்கியசாமி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் மன்னிக்கவில்லை. கண் இன்னும் அப்படியேதான் எரிந்துகொண்டிருந்தது. ஞானகுமாரி ஸ்டூலை இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தாள். நழுவிய அந்தக் கையை எடுத்து மறுபடி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா தள்ளு," என்றாள்.